பள்ளிக்கூடத் தோட்டத்து வடமூலை

தீர்த்தம்மாளுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. எண்ணெய்க்காரர் சிரித்துக்கொண்டே ஊற்றினால் அளவில் கைவைத்துவிட்டார் என்பாள். சிரிக்காமல் ஊற்றினால் எண்ணெயிலேயே ஏதோ கலந்திருக்கிறார் என்பாள். அப்படிப்பட்டவளிடம் போய் அவள் மகள் சின்னி ஒரு சாயங்காலம் இப்படிச் சொன்னாள் என்றால் அவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

“அம்மா, திங்கக்கெழம ஆளுக்கு ஒரு கூடை எருவும் ஒரு களைக்கொத்தும் கொண்டாரச் சொன்னாரு எங்க சார்.”

களி கிண்டிக்கொண்டிருந்த துடுப்பு அப்படியே நின்றது.

“பள்ளிக்கூடத்துக்கு எதுக்குடி எரு?”

“தோட்டம் போடப்போறோம். வெண்டை, கத்திரி, கொத்தவரை எல்லாம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால காலியா கெடக்குதில்ல, அந்த எடம் பூராவும்.”

பூராவும் என்ற சொல்லைக் கேட்டதும் தீர்த்தம்மாள் அடுப்பில் இருந்த களியை மறந்தாள். காரணம் இருந்தது. அந்தக் காலி இடத்தின் வடமூலையில், ஒரு முழ மண்ணுக்கும் ஒரு பலகைக் கல்லுக்கும் கீழே, அவளுடைய ராகி இருந்தது.

அது நாற்பத்து நாலாம் வருஷம். எங்கோ யுத்தம் நடந்தது, மாரண்டஹள்ளிப் பக்கத்தில் ராகி காணாமல் போனது. களத்தில் தூற்றி முடிப்பதற்குள் சர்க்கார் ஆள் வந்து நிற்பான். வீட்டில் இருக்கிற தலைக்கு இவ்வளவு என்று விட்டுவிட்டு, மிச்சத்தை லெவி என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிடுவான். மறு வருஷம் மழை பொய்த்தால் என்ன தின்பது என்று கேட்டால், அதற்கு ரேஷன் கடை இருக்கிறது என்பான். ரேஷன் கடையில் என்ன இருந்தது? பூட்டு இருந்தது.

தீர்த்தம்மாளின் ஊர் தொட்டமாதனஅள்ளி. அந்த ஊர்க்காரர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்கள் தாத்தன் காலத்திலிருந்தே ராகியைக் குழியில் போட்டு மூடுகிறவர்கள். களத்தோரம் கிணறு மாதிரி ஆழமாக வெட்டி, உள்ளே வைக்கோல் கொடுத்து, ராகியைக் கொட்டி, கல்லைப் போட்டு, மண்ணைத் தள்ளி, மேலே சாணி மெழுகிவிட்டால் பல வருஷம் ஆனாலும் ஒரு பூச்சி அண்டாது. லெவி வந்த பிறகு ஊரில் குழி இல்லாத குடும்பமே இல்லை, ஆனால் சர்க்கார் ஆள் கேட்டால் குழி என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் மாதிரி முழிப்பார்கள். ஒருத்தர் குழியைப் பற்றி இன்னொருத்தர் வாய் திறப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது, வேறெதிலும் இல்லை.

பள்ளிக்கூடம் இருக்கிற இடம் முன்பு தீர்த்தம்மாளின் மாமனார் களம். நல்ல பெயர் எடுக்க ஆசைப்பட்டு மனிதர் அதைப் பள்ளிக்கூடம் கட்ட ஜில்லா போர்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடம் தெற்கே எழுந்தது. வடமூலையில் பழைய குழி தூர்ந்துவிட்டது என்று அவள் புருஷன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அறுப்பு லீவில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது, அவளும் கொழுந்தன் சென்றாயனும் இரண்டு வெள்ளாமை ராகியை அதில் இறக்கி மூடினார்கள். பள்ளிக்கூடத்து மண்ணை எந்த அதிகாரி தோண்டப்போகிறான்? பெற்ற பெண்ணுக்குக்கூட அவள் சொல்லவில்லை. பிள்ளைகள் வாய் ஓட்டைப் பானை என்பது அவள் எண்ணம். மழை தவறினால் அவளும் சின்னியும் உயிரோடு இருப்பது அந்தக் குழியால்தான். வேறு ஆதாரம் எதுவும் அவளுக்கு இல்லை.

அந்தக் குழியின் தலைமேல்தான் இப்போது வெண்டைக்காய் போடப் போகிறார்களாம்.

மறுநாள் காலையில் எருமையை ஓட்டிக்கொண்டு போகிறவள் மாதிரி பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். வாத்தியார் சவுரியப்பன் பின்பக்கம் நின்றிருந்தார். சேலம் டவுன்காரர், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர், ஊருக்கு வந்து நாலைந்து மாசம்தான். மெலிந்த ஆள். கையில் கடப்பாரை. அதை ஓர் இடத்தில் குத்துகிறார், பிடுங்குகிறார், நாலடி தள்ளி மறுபடி குத்துகிறார்.

தீர்த்தம்மாள் எருமையைப் பிடித்து நிறுத்தினாள். குழி தேடும் சர்க்கார் ஆட்கள் அப்படித்தான் குத்துவார்கள். பக்கத்து ஊரில் அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

“என்னுங்க சார் பண்றீங்க?”

“வேலிக்குக் கம்பு நடணும்மா. மண்ணு எங்க எளக்கமா இருக்குதுன்னு பாக்கறேன்.”

மண் இளக்கமா என்று பார்க்கிறாராம்! கேட்டீர்களா? அவளுக்கு அதற்கு மேல் ருசு வேண்டியிருக்கவில்லை.

“தோட்டம் போடச் சொல்லி உங்களுக்கு யாருங்க சொன்னது?”

“சர்க்கார் உத்தரவுங்க. யுத்தம் நடக்குதில்ல, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் காய்கறி போடணும்னு சொல்லியிருக்காங்க. வெளையறத எல்லாம் பசங்களே எடுத்துக்கலாம்.”

சர்க்கார் கொடுக்கும் என்று சொல்கிறவனை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். சர்க்கார் என்றைக்கு யாருக்கு என்ன கொடுத்திருக்கிறது? “ரொம்ப நல்லதுங்க சார்” என்று சொல்லிவிட்டு எருமையின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பாவம், எருமை என்ன செய்தது.

அன்றைக்கே கிணற்றடியில் வேலையை ஆரம்பித்தாள். “அந்த எடத்துல முனி இருக்குதுடி. எங்க மாமனார் வருஷா வருஷம் சேவல் அறுத்துக்கிட்டிருந்தாரு. போர்டுக்குக் குடுத்தப்பறம் நின்னு போச்சு. இப்ப போய்க் கொழந்தைங்கள வெச்சுக் கடப்பாரையில குத்தினா அது சும்மா வுடுமா?” அப்படி ஒரு முனியும் இல்லை, சேவலும் இல்லை, அவள் மாமனார் சேவலை அறுத்தால் தனக்குத்தான் அறுத்துக்கொள்வார். ஆனால் சொன்னது வேலை செய்தது. திங்கட்கிழமை எருக்கூடையோடு போன பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சின்னி போனதுதான் வேடிக்கை. அம்மா தூங்கி எழுவதற்குள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருந்தாள்.

சாயங்காலம் வாத்தியார் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“அம்மா, அங்க முனி இருக்குதுன்னு நீங்க சொன்னதா சொல்றாங்க. எந்தப் பக்கம்னு காட்ட முடியுங்களா?”

அவள் எதிர்பார்த்தது இதை அல்ல. முனி என்றால் பயப்படுவார், இல்லாவிட்டால் சிரிப்பார் என்று நினைத்திருந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டால் என்ன சொல்வது? நாக்கு முந்திக்கொண்டது.

“வடமூலைங்க.”

“சரிங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் பார்த்தால் வடமூலையைச் சுற்றி இலந்தை முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. மற்ற இடமெல்லாம் பாத்தி கட்டியாகிவிட்டது. முனிக்கு வாத்தியார் இடம் விட்டுவிட்டார், பெரிய மனுஷன் என்று ஊர்க்காரர்கள் மனசு குளிர்ந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள்.

தீர்த்தம்மாளுக்கு மனசு குளிரவில்லை. கொதித்தது. அவள் சென்றாயனைக் கூப்பிட்டு மாட்டுக்கொட்டகைக்குள் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

“ஏண்டா சென்றாயா, ஒரு வேதக்காரன் முனிக்குப் பயப்படுவானா?”

“பயப்பட மாட்டான்.”

“அப்ப எதுக்கு முள்ளு போட்டு அடைச்சான்? அடையாளம் வெச்சிருக்கான்டா. ஆளக் கூட்டியாந்து காட்டறதுக்கு அடையாளம்.”

சென்றாயன் தலையைச் சொறிந்தான். “அப்படித் தெரியல அண்ணி. பேசாம இரு. நாம ஏதாச்சும் பண்ணப் போனாத்தான் வெளிய வரும்.”

பேசாமல் இருக்கச் சொல்கிறானே, இவனே போய்ச் சொல்லிவிட்டானோ என்று அவளுக்கு அப்புறம் அவன் மேலும் சந்தேகம் வந்தது. மூன்று நாள் அவனுக்கு மோர்கூடக் கொடுக்கவில்லை.

தோட்டம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆவணி மழை கைகொடுத்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்தி என்று பிரித்துக்கொண்டு, தன் பாத்தியில் முளைத்ததற்கும் அடுத்தவன் பாத்தியில் முளைக்காததற்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டார்கள். சின்னிக்கு வீட்டில் வேறு பேச்சே இல்லை. எங்க சார் சொன்னாரு, கத்திரிக்குச் சாம்பல் தூவினா பூச்சி வராது. எங்க சார் சொன்னாரு, கொத்தவரைக்கு ரொம்பத் தண்ணி வுடக் கூடாது. எங்க சாரு, எங்க சாரு. இரண்டு எருமையும் ஒரு கோழிக்கூட்டமும் உள்ள வீட்டில் பிறந்த பெண்ணுக்குச் சாம்பல் தூவச் சேலத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது!

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “இன்னிக்கு சார் எல்லாரையும் கேட்டாரு, ராத்திரி உங்க வூட்டுல என்ன சாப்பிட்டீங்கன்னு.”

“என்னது?”

“எந்தக் காய் யாருக்குப் புடிக்குமின்னு பாக்கறதுக்கு. நான் களியும் கீரைக் கடைசலும்னு சொன்னேன்.”

“தெனமும் களின்னு சொன்னியா?”

“ஆமா. தெனமும் களிதான?”

தீர்த்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ரேஷன் கடையில் பூட்டுத் தொங்கும்போது ஒரு வீட்டில் தினமும் களி வேகிறது என்றால் ராகி எங்கிருந்து வருகிறது? இதைவிட நேரடியாக எந்த அதிகாரியால் கேட்க முடியும்? காய்கறி என்று சொல்லிக் குழந்தைகள் வாயைக் கிளறுகிறான், எமகாதகன்.

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. கண்கொத்திப் பாம்பாக அவரைக் கவனித்தாள். அவர் முள்வேலிக்குப் பக்கத்தில் நின்றால் கணக்குப் போடுகிறார். நிற்காமல் போனால் நடிக்கிறார். பிள்ளைகள் அந்தப் பக்கம் தண்ணீர் விடப் போனால், “அங்க வேண்டாம், அங்க வேண்டாம்” என்று கத்தித் திருப்பி அனுப்புகிறார். ராகியில் தண்ணீர் இறங்கினால் முளைத்துப் போய்விடும், சர்க்காருக்கு நஷ்டம் ஆகிவிடும், அதனால்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறார்! அவளுக்கு எல்லாம் பொருந்தி வந்தது. சந்தேகம் பிடித்தவர்களுக்கு எதுதான் பொருந்தாது?

ராகியை வேறு இடத்துக்கு மாற்றலாம் என்றால் குழியைத் திறக்க வேண்டும். திறந்த உடனே இறங்கவும் முடியாது. பல மாசம் மூடிக் கிடந்த குழிக்குள் அடைபட்ட காற்று ஆளை அடித்துவிடும். காலையில் திறந்தால் வெயில் ஏறும் வரை ஆற விட்டு, விளக்கைக் கயிற்றில் இறக்கி, அது அணையாமல் இருந்தால்தான் இறங்க வேண்டும். அவள் பெரிய மாமனார் ஒருத்தர் அவசரப்பட்டு இறங்கி, ஏறவே இல்லை. இத்தனை நேரம், பள்ளிக்கூடத்திலேயே குடியிருக்கிற வாத்தியார் கண்ணில் படாமல் எப்படித் திறந்து வைப்பது?

குழியை நகர்த்த முடியாது. சரி, வாத்தியாரை நகர்த்திவிட்டால்?

இந்த யோசனை வந்ததும் தீர்த்தம்மாளுக்குத் தன் மேலேயே மரியாதை வந்தது. சென்றாயனிடம் மூச்சு விடவில்லை. அவளுக்குத் தெரிந்த அதிகாரி லெவிக்கு வருகிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருத்தர்தான், அவர் மாரண்டஹள்ளியில் கேம்ப் போட்டிருந்தார். சந்தைக்குப் போகிறவள் மாதிரி கூடையை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனாள். அவர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்துக்கொண்டு சொன்னாள்.

“சாமி, எங்க ஊர் வாத்தியாரு சரியில்லைங்க. பாடஞ் சொல்லிக் குடுக்கறதில்ல. பச்சப் புள்ளைங்கள வெச்சு மம்முட்டி வேலை வாங்கறாருங்க. தோட்டம்னு பேரு, என்னமோ பண்றாருங்க அங்க. ஒரு மூலையில முள்ளு போட்டு அடைச்சு வெச்சுட்டு ஒருத்தரையும் கிட்ட வுடறதில்ல. கேட்டா முனியாம். வேற ஊருக்கு மாத்திட்டா புண்ணியமாப் போவுங்க.”

இன்ஸ்பெக்டர் பாதி சோடாவில் நிறுத்தினார்.

“மூலையில முள்ளு போட்டு அடைச்சிருக்கானா?”

“ஆமாங்க சாமி.”

“யாரையும் கிட்ட வுடறதில்லையா?”

“ஒரு ஈ காக்காய வுடறதில்லைங்க.”

“சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்” என்று மிகவும் பிரியமாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் மனசு லேசாக இருந்தது. தான் என்ன சொல்லிவிட்டு வந்தோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதே வாரத்தில், வெள்ளிக்கிழமை காலையில், இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். கூடவே தலையாரி, அவன் தோளில் நீண்ட இரும்புக் கம்பி.

தோட்டத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று வாத்தியார் சந்தோஷப்பட்டுப் போனார். பிள்ளைகளைப் பாத்திக்குப் பாத்தி நிறுத்தினார். சின்னி தன் கொத்தவரைப் பாத்திக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நின்றாள். சைக்கிளைப் பார்த்த ஊரும் கூடிவிட்டது. வாத்தியாரை மாற்றுகிற உத்தரவைக் காதால் கேட்க வேண்டும் என்று தீர்த்தம்மாள் முன்வரிசையில் வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு வெண்டைக்காயைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வடமூலைக்குப் போனார்.

“முள்ளை எடு.”

தலையாரி எடுத்தான்.

“குத்து.”

முதல் குத்து மண்ணில் இறங்கியது. இரண்டாவது குத்தில் கம்பி கல்லில் மோதி, அடியில் டொம் என்று ஒரு சத்தம் கேட்டது. ஊர் முழுக்கத் தெரிந்த சத்தம் அது. ஒருத்தர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. தீர்த்தம்மாள் மட்டும் சென்றாயன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மண்ணைத் தள்ளி, கல்லைக் கடப்பாரையால் நெம்பிப் புரட்டியதும் உள்ளே இருந்து கனத்த, புளித்த நெடி ஒன்று மேலே வந்தது. இருட்டில் ஆழத்தில் ராகி தெரிந்தது.

“என்னய்யா வாத்தியாரே,” என்றார் இன்ஸ்பெக்டர், “மேல வெண்டைக்கா, கீழ ராகியா? யாரோட பங்கு இதுல? எவ்வளவு குடுத்தானுங்க உனக்கு?”

சவுரியப்பன் குழியைப் பார்த்தபடி நின்றார். “எனக்குத் தெரியாதுங்க.”

“தெரியாமத்தான் முள்ளு போட்டு அடைச்சியா?”

“இங்க முனி இருக்குதுன்னு சொன்னாங்க சார். அதனால விட்டுட்டேன்.”

“நீ வேதக்காரன்தான? உனக்கேதய்யா முனி?”

“எனக்கு முனி மேல நம்பிக்கை இல்லீங்க. அந்த அம்மா சொன்னதுல நம்பிக்கை இருந்துது” என்று தீர்த்தம்மாளைக் கை காட்டினார். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. அவர் சொல்வது நிஜம் என்று அவள் இப்போது சொல்லிவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர் மாதிரி பார்த்தார்.

தீர்த்தம்மாளுக்குச் சுரீர் என்றது. நம்பியிருக்கிறார்! முள்ளைப் போட்டதும் தண்ணீர் விடாமல் தடுத்ததும் எல்லாம் அவள் பொய்யை நம்பியதால்தான். அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டில் இருந்திருந்தால் இந்த மனுஷன் வருஷக்கணக்காக அந்த ராகிக்குக் காவல் இருந்திருப்பார். அடிப் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் வாய் திறக்கவில்லை. ராகி போனது போனதுதான், திறந்தால் ஜெயிலும் வரும், சின்னி தெருவில் நிற்பாள். அவர் பாட்டுக்கு மாற்றலாகிப் போகட்டுமே, வாத்தியாருக்கு எங்கே போனாலும் பள்ளிக்கூடம் உண்டு.

“எவ்வளவு இருக்குதுன்னு எறங்கிப் பாருடா” என்றார் இன்ஸ்பெக்டர் தலையாரியிடம்.

தலையாரி உள்ளூர்க்காரன். அவன் சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். “ரெண்டு நாளா இடுப்பு புடிச்சுக்கிச்சுங்க சாமி. குனிய முடியல.” இத்தனை நேரம் குனிந்து தோண்டிய இடுப்பு அது. ஏன் இறங்கக் கூடாது என்று சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேள்வி வரும். குழியே பார்த்திராத ஊராயிற்றே!

“நான் எறங்கறேங்க” என்றார் சவுரியப்பன். சட்டையைக் கழற்றினார். “என் மேல சந்தேகம் வந்துருச்சு. நானே எறங்கி எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கறேன். எங்கிட்ட ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல.” தண்ணீர் இறைக்கிற கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

சுற்றிலும் அத்தனை பேர் நின்றார்கள். பெரியவர்கள், குழி வெட்டியவர்கள், குழியில் சொந்தக்காரரைப் பறிகொடுத்தவர்கள். ஒருத்தன் தரையைப் பார்த்தான். ஒருத்தன் துண்டை உதறினான். சென்றாயன் வானத்தில் மழை வருகிறதா என்று பார்த்தான். அத்தனை பேருக்கும் தெரியும், இந்த ஆள் இறங்கினால் திரும்பி வரமாட்டான் என்று. சேலத்து டவுனில் பிறந்த அந்த மனுஷனுக்கும், கம்பி குத்த மட்டுமே தெரிந்த இன்ஸ்பெக்டருக்கும்தான் தெரியாது.

தீர்த்தம்மாள் தன் கொழுந்தனைப் பார்த்தாள். அவன் கண்ணாலேயே சொன்னான், பேசாமல் இரு என்று. ஒரு கணம் அவள் மனசும் அதையே சொன்னது. இவர் போய்விட்டால் குழி யாருடையது என்று சொல்ல ஆளே இல்லை. அப்படி ஒரு நினைப்பு வந்தது, வரத்தான் செய்தது. பாத்தியருகே நின்ற சின்னி, “சார், பாத்து எறங்குங்க சார்” என்றாள்.

வாத்தியாரின் ஒரு கால் குழிக்குள் போய்விட்டது.

“எறங்காதீங்க!” தீர்த்தம்மாள் பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். “எறங்காதீங்க சார், செத்துருவீங்க. உள்ள காத்து விஷம்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். “எறங்கினா எவ்வளவுன்னு தெரிஞ்சு போயிரும்னு பயமா? நீ தள்ளு. எறங்குய்யா.”

அவள் சொன்னதை அவர் நம்பவில்லை! வாழ்க்கையில் ஒருமுறை நிஜத்தைச் சொன்னால் அதை நம்ப ஆள் இல்லை. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பள்ளிக்கூடத்துக்குள் ஓடி வாத்தியாரின் அரிக்கேன் விளக்கை எடுத்து வந்தாள். தானே பற்றவைத்தாள். அவர் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து விளக்கில் கட்டிக் குழிக்குள் விட்டாள். பாதி ஆழம் போவதற்குள் சுடர் சுருங்கி அணைந்தது. இழுத்து, மறுபடி ஏற்றி, மறுபடி விட்டாள். மறுபடியும் அணைந்தது.

“விளக்கே நிக்கலையே, மனுஷன் நிப்பானா சாமி?”

வாத்தியார் இரண்டடி பின்னால் போய் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு எப்படித் தெரியும் இது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என் குழிங்க. வாத்தியாருக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் முனின்னு பொய் சொன்னேன்.”

மத்தியானத்தில் குழி ஆறியது. விளக்கு நின்று எரிந்தது. தலையாரியின் இடுப்பும் சரியாகிவிட்டது, அவனே இறங்கினான். மூட்டை மூட்டையாக ராகி மேலே வந்து வண்டியில் ஏறியது. தாய்க்கும் மகளுக்கும் சட்டப்படி உண்டானது என்று கொஞ்சத்தைக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்கள். தீர்த்தம்மாள் அழுவதற்குத் தெம்பில்லாமல் மண் குவியல் மேல் உட்கார்ந்திருந்தாள். ஊர் அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் நின்றது. கிழவி ஒருத்தி அவள் தோளில் கைகூட வைத்தாள்.

சைக்கிளில் ஏறப்போன இன்ஸ்பெக்டருக்கும் இரக்கம் வந்துவிட்டது. அங்கேதான் காரியம் கெட்டது.

“கேஸ் எழுதாம வுட்டுடறேன் போ. மூலையில அடைச்சு வெச்சிருக்குதுன்னு கேம்ப்புக்கு வந்து மொதல்ல தகவல் சொன்னவளே நீதான? தானா முன்வந்து தகவல் குடுத்தான்னு எழுதிக்கறேன். பொழச்சுப் போ.”

தோளில் இருந்த கை எடுபட்டது.

சென்றாயன் அவளைப் பார்த்தான். “கேம்ப்புக்குப் போனியா அண்ணி?” அவள் பதில் சொல்வதற்குள் அவன் நடந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் போனார்கள், வேகமாக. வீட்டுக்கு வீடு குழி வைத்திருக்கிறவர்கள். இன்னும் யார் யார் குழியை இவள் சொல்லி வைத்திருக்கிறாளோ என்று ஒவ்வொருவரும் நினைத்தது அவர்கள் முதுகிலேயே தெரிந்தது. இனி கிணற்றடியில் அவள் தலை தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும் என்று அவளுக்கு அப்போதே விளங்கியது.

வாத்தியாரும் சின்னியும் மட்டும் இருந்தார்கள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு அருகே வந்தார்.

“என்னைப் பத்தியா போய்ச் சொன்னீங்க?”

“ஆமாங்க.”

“எதுக்கும்மா?”

“நீங்க ஊரை வுட்டுப் போவணும்னு.”

“அப்பறம் எறங்க வேண்டாம்னு ஏன் தடுத்தீங்க? நான் எறங்கியிருந்தா நீங்க மாட்டாம தப்பிச்சிருப்பீங்க.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஊரை வுட்டுப் போவணும்னுதான் சொன்னேன் சார். செத்துப் போவணும்னு சொல்லலியே.”

சவுரியப்பன் திறந்து கிடந்த குழியை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார். “நாளைக்குப் பசங்க வருவாங்க. யாராச்சும் வுழுந்துருவாங்க. மூடிருவோம் வாங்க.”

இரண்டு பேரும் மண்ணைத் தள்ளினார்கள். சின்னி கூடையில் அள்ளிக் கொட்டினாள். அம்மா பக்கம் வராமல், குழிக்கு அந்தப் பக்கமாகவே நின்று கொட்டிக்கொண்டிருந்தாள். பாதி நிறைந்தபோது கூடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏம்மா, இன்னும் என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்கற?”

“எதுவும் இல்ல கண்ணு. இருந்தது இவ்வளவுதான். உம் மேல சத்தியமா.”

அவள் சொன்னது சத்தியம். சின்னி நம்பவில்லை.